கோட்டில் காணாமல் போன வளையம்

"வளையம் எங்கே?"

ரிம்மா பாவ்லோவ்னா போட்ட சத்தம் தியேட்டர் வாசல் வரை கேட்டிருக்கும். பார்வையாளர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் கவுண்டர் அவளுடைய ராஜ்ஜியம்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் ரெனாட்டா விழித்தாள். பிரேசிலிலிருந்து வந்து ஒரு வருடமாக ரஷ்யாவில், பீட்டர்ஸ்பர்கில் நடன வரலாறு படித்தவள். பாலே நடனம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. நேரில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. நாளைக்கு ஊருக்கு விமானம். கையில் இருந்தது மாணவர்களுக்கான மலிவு டிக்கெட், தூணுக்குப் பின்னால் இருக்கை. "தூணைப் பாக்கவா அவ்வளவு தூரத்துலேருந்து வந்தே?" என்று அவள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ஸோயா அர்காத்யெவ்னா இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். பாதி மேடை தெரிந்தால் போதும் என்று ரெனாட்டா கிளம்பி வந்துவிட்டாள்.

"காலருக்கு உள்பக்கம், மாட்டுறதுக்கு ஒரு துணி வளையம் இருக்குமே. அது எங்கே?"

"நேத்து இருந்துதுங்க!"

"நேத்து நீ வரலையே. இன்னிக்குத்தானே வந்திருக்கே?"

ஆட்டம் தொடங்கப் போவதற்கான முதல் மணி அடித்தது.

"கோட்டோட சேந்த தலைக்குல்லாவைப் பிடிச்சு மாட்டிடுங்களேன்."

"உன் காதைப் பிடிச்சு ஆணியில மாட்டினா நீ சும்மா இருப்பியா?"

"அப்ப கையிலேயே வச்சுக்கறேன்."

"வெளிக்கோட்டோட அரங்கத்துக்குள்ளயா! ஆடுறவங்க உனக்கு என்னம்மா பாவம் பண்ணினாங்க?"

ஊசி, நூல், ஒரு துண்டு கறுப்பு நாடா மூன்றும் கவுண்டரில் வந்து விழுந்தன. கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த ரெனாட்டா, நேரத்தை மிச்சம் பிடிக்க, அதைக் கழற்றாமலே பிடரிக்குப் பின்னால் கையை விட்டுத் தைக்கப் பார்த்தாள்.

"ஐயையோ, போட்டிருக்கிற துணியைத் தைக்காதே! புத்தியையும் சேத்துத் தச்சுடுவேன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. பரிகாரமா வாயில ஒரு நூலைக் கடி!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் "கடி, கடி" என்றார்கள். பேராசிரியர் மாதிரி இருந்த ஒருவர்தான் பலமாகச் சொன்னார். ஒரு வருடப் படிப்பும் போய்விடப் போகிறதே என்று ரெனாட்டா ஒரு நூல் துண்டை வாயில் வைத்து அழுத்திக் கடித்தாள். எதற்கு வம்பு என்று கோட்டையும் கழற்றினாள். பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் போட்டு, படபடவென்று தைத்து முடித்தாள்.

இரண்டாவது மணி. எழுந்தாள். கோட்டும் கூடவே எழுந்தது.

"ம்ம்ம்!"

"நூலைத் துப்பிட்டுப் பேசு, பொண்ணே."

"பாவாடையோட சேத்துத் தச்சுட்டேன்!"

ரிம்மா பாவ்லோவ்னா மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். துடைத்தாள். அப்புறம் கத்தரிக்கோலைத் தேடினாள். ஒவ்வொரு தையலாக நிதானமாக வெட்டினாள். கடைசித் தையல் விடுபடவும் மூன்றாவது மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கீழ்த்தளக் கதவுகள் மூடிக்கொண்டன.

ரெனாட்டாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தூணையாவது பாத்திருப்பேன்!"

"அழாதே. லேட்டா வர்றவங்க கீழே போக முடியாது. மேல, மேடைப் பக்கம் காலியா இருக்கிற பாக்ஸ்லதான், தனி அறை மாதிரி இருக்கும், உக்கார வைப்போம். வா."

மாடிப்படி ஏறி, ஒரு குறுகிய கதவைத் திறந்து, ரிம்மா அவளை உள்ளே தள்ளினாள். சிவப்பு வெல்வெட் நாற்காலி. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டும் போல மேடை.

திரை விலகியது. ஒரு பெண் ஓடி வந்து எழும்பினாள். கீழே இறங்க மறந்துவிட்டாள் என்றே ரெனாட்டாவுக்குத் தோன்றியது. ஆடியவள் மூச்சு வாங்குவது கேட்டது. நெற்றி வியர்வை தெரிந்தது. தான் எழுதிய எந்தப் பக்கத்திலும் இந்த மூச்சு இல்லையே என்று நினைத்தபடி ரெனாட்டா கைப்பிடிச் சுவர்மேல் குனிந்தாள். இடைவேளையில்கூட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த நாற்காலிக்கும் யாராவது பங்குக்கு வந்துவிட்டால்?

முடிந்து இறங்கியபோது கோட்டு, ரிம்மா முடியவே முடியாது என்ற அந்தக் குல்லாவில்தான் மாட்டப்பட்டிருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

வீட்டில் ஸோயா அர்காத்யெவ்னா டீயும் செர்ரி ஜாமும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரெனாட்டா கையை விரித்து, குதித்து, அழுது, எல்லாம் சொன்னாள்.

"எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் பாருங்க! அந்த வளையம் மட்டும் அறுந்துபோகலைன்னா தூணுக்குப் பின்னாடிதான் உக்காந்திருப்பேன்!"

ஸோயா ஏப்ரன் பையிலிருந்து, கத்தரித்த ஒரு துணி வளையத்தை எடுத்து டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரிம்மா ரொம்பக் கத்திட்டாளா? கொஞ்சமாக் கத்துன்னுதான் சொல்லியிருந்தேன்."