புளூட்டோவுக்குக் குறுக்குத் தடம்

அளவு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருபத்து நான்கு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை போன நாள் என் டயரியில் நிமிடக் கணக்கோடு இருக்கிறது. அன்றைய பக்கத்தின் கடைசி வரி: "வானிலை: காலையில் பனிமூட்டம், பிறகு தெளிவு. தெளிந்திருக்க வேண்டாம்."

எண்பதுகளின் பிற்பகுதி. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குன்றின் மேலிருந்த நடுநிலைப் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் சேலம் டவுன்காரன். மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உயரமாக இருக்கும் என்பது மட்டுமே. கல்வி அதிகாரி பார்வையிட வந்து நல்லபடியாக நாலு வரி எழுதினால் என் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் சேலத்தில் மாமாவின் பாத்திரக் கடை. (மாமா அப்போதே எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தார்.)

தலைமையாசிரியர் ஞானமுத்து சொன்னார்: "அதிகாரி வர்றப்ப எதாச்சும் புதுசாப் பண்ணிக் காட்டுங்க சார். போன தடவை எரிமலை வெச்சோமுங்க. மேசை விரிப்பு எரிஞ்சு போச்சு."

நான் சூரிய மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாடப் புத்தகத்துப் படத்தில் ஒன்பது கிரகங்களும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து ஒரு பெண், "சார், பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல ஒரு கையி கூட நொழையாதுங்களா?" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. இருநூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி, அளவும் தூரமும் ஒரே கணக்கில் இருக்கும்படி சூரிய மண்டலத்தைச் சாலையிலேயே நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

சூரியன் மாதா கோயில் அண்டா. திருவிழாவுக்குச் சோறு வடிக்கும் பெரிய அண்டா. வாய் அகலம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர் இருந்தது. சூரியனுக்கு அறுபத்தொன்பதரைக்கு மேல் வேண்டும். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் குறை என் மனதை அரித்தது. இரண்டு நாள் யோசித்து, விளிம்பைச் சுற்றிச் சணல் கயிறு கட்டிச் சரிசெய்தேன். அப்புறம் மஞ்சள் பூசினேன். பூமி ஒரு மிளகு. (இருநூறு மிளகை வெர்னியரில் அளந்து பொறுக்கியது.) வெள்ளியும் மிளகுதான், சற்றே சின்னது. செவ்வாய் கொத்தமல்லி விதை, புதன் கடுகு, வியாழன் ஆரஞ்சு, சனி கொய்யா, யுரேனஸும் நெப்டியூனும் நெல்லிக்காய். புளூட்டோ ஒரே ஒரு ராகி.

தூரத்தை என் சைக்கிளால் அளந்தேன். சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி, ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, பள்ளி வாசலில் தொடங்கிச் சாலையோடு இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். புதன் இருபத்தொன்பது மீட்டர், பதின்மூன்று சுற்று. புளூட்டோவின் சராசரித் தொலைவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது மீட்டர், ஆயிரத்து முந்நூற்று இருபத்தொன்பது சுற்று. எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க, முழு வழியிலும் சிவப்புத் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. சுற்றிலும் வேறு பனி. என்னைப் போன்ற ஒழுங்கான ஆள் இந்த மலையில் இதுவரை கால் வைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன்.

ஆயிரத்து முந்நூற்று இருபத்தொன்பதாவது சுற்று ஓர் எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் முடிந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள் ஸ்டெல்லா. ராகியையும், மனப்பாடம் செய்ய ஓர் அட்டையையும் அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கிரகத்துக்கும் சாதாரணமாக எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி, அதற்குப் பதில் என்று அட்டை எழுதியிருந்தேன். அவள் அட்டையைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏனுங்க சார், நொம்பத் தூரம்னு போட்டிருக்குதுங்க. இங்கிருந்து கூப்பிட்டா உங்க பள்ளிக்கூடத்துக்குக் கேக்குமுங்களே?"

"கேட்காது. நான் அளந்திருக்கிறேன்."

"இல்லீங்க சார், அந்தப் பக்கம் ஒரு தடம்..."

"அட்டையில் இருப்பதை மட்டும் சொன்னால் போதும்" என்றேன். (அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.)

வியாழன் வந்த இடத்தில் வெள்ளையன் டீக்கடை இருந்தது. வெள்ளையன் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டார். சனிதான் தகராறு. அந்தத் தூரத்தில் மூன்று வீடுகள். மூன்றிலும் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். "வியாழன்னா குடுங்க, வெச்சுக்கறோம். சனியக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள உடறீங்களே, நாங்க என்னங்க பாவம் பண்ணுனோம்?" என்று ஓர் அம்மா கேட்டார். கடைசியில் அட்டை வளையம் மாட்டிய கொய்யாவைச் சாலையோரச் சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிட்டு வந்தேன்.

அதிகாரி வந்தார். கனத்த உடம்பு, முழங்கால் வலி, புதுத் தோல் ஷூ. ஜீப்பிலேயே போகலாம் என்றார் ஞானமுத்து. நடந்தால்தான் விண்வெளியின் தூரம் உறைக்கும் என்று நான் சொன்னேன். ஞானமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காப்பிக்கு ஏற்பாடு செய்யப் பள்ளியிலேயே தங்கிவிட்டார். இனி டயரிப்படி.

காலை 10.10. சூரியனிலிருந்து புறப்பாடு. அண்டாவைப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில், கைப்பிடிச் சுவர் மேல் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தோம். சாலையில் கடுகு, மிளகு, மிளகு, கொத்தமல்லி ஆகியவற்றை ஏந்தி நான்கு மாணவிகள் நின்றார்கள். அதிகாரி குனிந்து பூமியைத் தேடினார். "இவ்வளவுதானா நாம?" என்றார். நல்ல தொடக்கம்.

காலை 10.25. டீக்கடை. அதிகாரிக்கு அதற்குள் மூச்சு வாங்கியது. வெள்ளையனின் அட்டையில் இருந்த கேள்வியை அவரே படித்தார்: "சூரிய மண்டலம் எப்படி உண்டாச்சு?"

வெள்ளையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "மொதல்ல ஒண்ணுமே இல்லீங்க சாமி, ஒரே தூசி மேகம். அது சுத்தச் சுத்த நடுவுல தெரண்டுக்கிட்டது சூரியன். மிச்சம் மீதி அங்கங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டது கெரகமுங்க. களி கிண்டுறப்ப நடுவுல தெரண்டுக்கும், ஓரத்துல கட்டி கட்டியா நின்னுக்குமில்லீங்களா, அது மாதிரி. களி சமாச்சாரம் அட்டையில இல்லீங்க, நான் சேத்துனது."

"பிரமாதம். சரி, கிண்டினது யாரு?"

"அத சார் அட்டையில போடலீங்க" என்று வெள்ளையன் என்னைக் காட்டினார்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்ட மாதிரியே இருந்தது. சிரித்த வேகத்தில் அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ள, "பாவம், நொம்ப எளைக்குதுங்க, இத வாயில போடுங்க" என்று வெள்ளையன் கையில் இருந்ததை உரித்து நீட்டினார். அதிகாரி நாலு சுளை தின்றபிறகுதான் அது எந்தப் பழம் என்று எனக்கு உறைத்தது. டயரி: "10.31. வியாழன் உண்ணப்பட்டது."

காலை 10.45. சனி. நான் கட்டிவிட்டு வந்த கொய்யாவுக்கு யாரோ கறுப்புத் துணி சுற்றி, அடியில் எள் தீபம் ஏற்றி, தேங்காயும் உடைத்திருந்தார்கள். சனிக்கு வளையம் எதனால் வந்தது, அது பனிக்கட்டியும் தூசும்தான் என்று சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். திரும்பினால் அதிகாரி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், இது வெறும் மாதிரிதான்."

"எனக்கு ஏழரை நடக்குது தம்பி. மாதிரியா இருந்தா என்ன?" என்று சொல்லி மரத்தை வலமாகச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் பாசியில் கால் வைத்து, சனி பகவானுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்தார். தூக்கிவிட்டபோது கால்சட்டையின் பின்பக்கம் ஏற்காட்டு மண் ஒரு பிடி இருந்தது.

யுரேனஸ் சரியாக ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து மீட்டரில் ஒரு கம்பத்தில் இருந்தது. பனியில் யார் கண்ணிலும் படவில்லை. (யுரேனஸுக்கு அது பழக்கம்தான்.) நெப்டியூனை ஏதோ குரங்கு கொண்டுபோயிருந்தது. தூறல் வேறு. அதிகாரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார். "சூரியனைவிட்டு ரொம்பத் தூரம் வந்துவிட்டோம் சார், இனி கடைசிக் கிரகம்தான்" என்றேன், உற்சாகமாக. அவர் ஜீப் எங்கே என்று திரும்பிப் பார்த்தார். மாமா கடையில் என் ஸ்டூல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. புளூட்டோ ஒன்றுதான் இனி என்னைக் காப்பாற்ற வேண்டும்.

காலை 11.35. புளூட்டோ. வெள்ளைத் தட்டின் நடுவில் ஒற்றை ராகி. ஸ்டெல்லா புதுப் புடவை கட்டி, முதுகை நிமிர்த்தி நின்றிருந்தாள். அதிகாரி தட்டைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல இளகியது. "இந்தத் தூசிக்காகவா மூணு கிலோமீட்டர்? அடேயப்பா. இப்பத்தான் தம்பி தூரம்னா என்னன்னு தெரியுது. சொல்லும்மா, புளூட்டோவுல ஏன் இவ்வளவு குளிர்?"

ஸ்டெல்லா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அட்டையில் இருந்தபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "புளூட்டோ சூரியனிலிருந்து மிக மிகத் தொலைவில் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் சூரியன் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்."

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது.

எங்கள் தலைக்கு நேர் மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில், மஞ்சள் பூசிய அண்டா பளபளவென்று வெயிலில் மின்னியது. சுற்றிக் கட்டிய சணல் கயிற்றின் முடிச்சுக்கூடத் தெரிந்தது. அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஞானமுத்து எட்டிப் பார்த்தார்.

"அட, வந்துட்டீங்களா! காப்பி ரெடிங்க சார், மேல வாங்க!"

கடுகு வைத்திருந்த மாணவி கைப்பிடிச் சுவரிலிருந்து எங்களுக்குக் கை ஆட்டினாள். நான் மூன்று கிலோமீட்டர் கண்ணெடுக்காமல் அளந்த சாலை, குன்றை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பள்ளிக்கூடத்தின் காலடியிலேயே வந்து நின்றிருந்தது. மலையில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். சக்கரத்துக்கும் எனக்கும் மட்டும் தெரியாது.

அதிகாரி அண்டாவைப் பார்த்தார். ராகியைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். "ஏம்மா, மேலேயிருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"குறுக்குத் தடத்துல ரெண்டு நிமிசமுங்க. நான் அன்னைக்கே சார்கிட்டச் சொன்னனுங்க."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் எனக்கு உண்மை முக்கியம். "சார், ஒரு விஷயம். புளூட்டோவின் பாதை கொஞ்சம் கோணல். இந்த வருடங்களில் அது நெப்டியூனின் பாதைக்கு உள்ளேயே வந்துவிட்டது. அறிவியல்படி..."

"நெப்டியூனுக்கு உள்ள வந்தாப் பரவாயில்ல தம்பி. இது புதனுக்கும் முன்னாடியே வந்து உக்காந்திருக்கு."

சொல்லி முடித்ததும் அவருக்கு ஒரு பெரிய தும்மல் வந்தது. தட்டில் ராகி இல்லை. நான் மண்டியிட்டுத் தரையில் தேட ஆரம்பித்தேன்.

"உடுங்க சார், போனாப் போவுது" என்றாள் ஸ்டெல்லா. "ஊட்ல ஒரு மூட்டை இருக்குதுங்க."

அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். தடத்தில் ஏறும்போதும் சிரித்தார், காப்பி குடிக்கும்போதும் சிரித்தார். நான் எதிரில் நின்று பாத்திரங்களின் விலை தெரியாத கவலையில் இருந்தேன். பார்வையாளர் ஏட்டில் அவர் எழுதியதை அன்றே டயரியில் படியெடுத்து வைத்தேன்: "ஆசிரியர் கடும் உழைப்பாளி. அளவுகள் துல்லியம். பணியை நிரந்தரம் செய்யலாம். புவியியல் பாடம் மட்டும் இவரிடம் கொடுக்க வேண்டாம்."

இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் நாடா கொண்டுபோய் அளந்தேன். அண்டாவிலிருந்து காப்பகத்து வாசல் நேர்க்கோட்டில் இருபத்தாறு மீட்டர். புதன் இருபத்தொன்பது. அதிகாரி சொன்னது மூன்று மீட்டர் வித்தியாசத்தில் சரிதான். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஸ்டெல்லா. அதற்கப்புறம் அளக்க வேண்டியது நிறைய இருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் மாதா கோயிலில் எங்களுக்குக் கல்யாணம். பந்திக்குச் சோறு அதே சூரியனில்தான் வெந்தது.

எங்கள் வீட்டில் யாராவது எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ரோட்டு வழியாவா, புளூட்டோ வழியாவா?" என்றுதான் என் மகள் கேட்பாள். அது பழகிவிட்டது. ஆனால் ஒரு நாள் காலைப் பேப்பரில் புளூட்டோ இனிக் கிரகம் இல்லை என்று செய்தி வந்தது. சூரிய மண்டலம் உண்டானபோது மிஞ்சிய துண்டுகள் நெப்டியூனுக்கு அப்பால் ஏராளமாகக் கிடக்கின்றனவாம், புளூட்டோவும் அதில் ஒன்றுதானாம். சற்று வருத்தத்தோடு அதை ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் காப்பியை என் முன்னால் வைத்தாள்.

"இத இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களா? ஒரு மூட்டை இருக்குதுன்னு நான் அன்னைக்கே சொன்னனுங்களே."

டயரியை எடுத்து எழுதினேன். நேரம்: காலை 7.05. நெப்டியூனுக்கு அப்பால் உள்ளவை: ஒரு மூட்டை. அளந்து பார்க்கவில்லை.