தேதி போடாத தியாகி

நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கு உலகத்தில் எத்தனையோ ஊர்கள் கல் நட்டிருக்கின்றன. ஏசி போட்டுக் கொடுத்தது திருவனந்தபுரம் ஒன்றுதான்.

தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் 'வீரர் நினைவு மண்டபம்' என்றால் விழிப்பார். 'ஜவான் ஹால்' என்றால், "கல்யாணமோ, நிச்சயதார்த்தமோ?" என்று கேட்டபடியே வண்டியைக் கிளப்பிவிடுவார். வாசலில் ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. எந்தப் போரில் யாரைச் சுட்டதோ தெரியாது. இப்போது அதன் வாயில் செவ்வந்திக் கொத்து செருகியிருக்கும். முதுகில் மணமக்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே பெரிய கூடத்துக்குத் 'தியாகம்' என்று பெயர். சாப்பாட்டுக் கூடம் 'வீரம்'. போனில் பதிவு செய்கிறவர்கள், "தியாகத்துல ஏசி உண்டோ?" என்று முதலிலேயே கேட்டுக்கொள்வார்கள். ஏசி இல்லாத தியாகத்தை இந்த ஊரில் யாரும் விரும்பியதில்லை.

இத்தனையும் செயலாளர் ராமசுப்ரமணியனின் சாதனை. கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பிறந்து, ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போர்முனையை அவர் பார்த்ததில்லை. போர்முனைக்குப் போய்வந்தவர்களின் பயணப்படி மனுக்களைப் பார்த்திருக்கிறார். அவற்றில் பாதியைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறார். அத்தனை ஜவான்களைத் திருப்பி அனுப்ப எந்த எதிரி நாட்டாலும் முடிந்ததில்லை.

இப்படிப்பட்டவரின் நிர்வாகத்துக்கு ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அதைப் போட்டவர் காலமான ஒரு மேஜர். மண்டபத்துக்கு நிலத்தைத் தானமாகக் கொடுத்த அவர், வாசலில் ஒரு நிபந்தனையைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். இங்கே நடக்கும் எந்த நிகழ்ச்சியும், உள்ளே சுவரில் பெயர் பொறித்திருக்கும் ஒரு வீரரின் வீட்டார் ஏற்றும் விளக்கோடு தொடங்க வேண்டும். தவறினால் நிலம் மேஜரின் வாரிசுக்கே திரும்பிவிடும். வாரிசு என்று இருந்தவன் பேரன் வினய் மட்டும். ஃபிளாட் கட்டி விற்கிறவன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அழைக்காமலே வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, செல்போனை விளக்கின் பக்கம் நீட்டிக்கொண்டு, ஏற்றப்படாமல் போகும் ஒரு விளக்குக்காகப் பக்தியோடு காத்திருப்பான்.

சுவரில் இருந்த மற்ற வீரர்களின் வீட்டார் வளைகுடாவுக்கும் பெங்களூருவுக்கும் போய்விட்டார்கள். கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருந்தவள் செண்பகவல்லி ஒருத்திதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பனிமலையில் இறந்த ராணுவ நாயக் இசக்கிமுத்துவின் மனைவி. நகரின் மணக்காட்டுப் பகுதியில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தே மகள் பொன்செல்வியை நர்சிங் படிக்க வைத்தவள். இரங்கல் கூட்டமும் ரத்ததான முகாமும் மட்டும் நடந்த காலத்தில், அவள் விளக்கேற்றும்போது கூட்டமே எழுந்து நின்றது. கல்யாணங்கள் வரத் தொடங்கியதும் அதே கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றது. நல்ல காரியத்துக்கு முதல் திரியை ஒரு விதவை ஏற்றுவதா?

இந்த ஒரு விஷயத்தில் சாதி, மொழி வேறுபாடே பாராமல் நகரம் முழுவதும் ஒரே குரலில் பேசியதை நினைக்கும்போதெல்லாம் ராமசுப்ரமணியனுக்கு மெய்சிலிர்க்கும். தேச ஒற்றுமை என்பது வேறென்ன?

நிர்வாகக் குழு பருப்பு வடையோடு கூடியது.

"அவளுக்க மகள ஏத்தச் சொன்னா என்னவாம்?" என்றார் பொருளாளர் வேதமாணிக்கம்.

"கேட்டாச்சு. 'எங்கம்மா ஏத்தக் கூடாத வெளக்க நானும் ஏத்த மாட்டேன்'னுட்டா. நர்ஸுக்குப் படிச்ச திமிர், வேறென்ன?" என்றார் ராமசுப்ரமணியன்.

"அப்போ சுவருல பேரும் இருக்கணும், வீட்டுக்காரரும் உயிரோட இருக்கணும். அப்படி ஒரு பொம்பளைய எங்க போய்த் தேடதுக்கு, சாரே?"

ராமசுப்ரமணியன் பதில் சொல்லவில்லை. பெரிய முடிவுகளுக்கு முன்னால் அவர் இப்படி நீண்ட மௌனத்தில் இறங்கிவிடுவார். வடைத் தட்டு காலியான பிறகுதான் வெளியே வந்தார்.

"என் பேரைப் பொறிச்சுடலாம்."

வேதமாணிக்கத்துக்கு விக்கல் எடுத்தது. "அது செத்தவங்களுக்க சுவராக்கும், சாரே!"

"எல்லாரும் ஒரு நாள் போகப்போறவாதானேய்யா? ஹாலை ஒரு வருஷம் முன்னாடியே புக் பண்றா. சுவரைப் பண்ணப்படாதா?"

'செயலாளரின் வீரமரணத்தை இக்குழு முன்கூட்டியே அங்கீகரிக்கிறது' என்ற தீர்மானம் கரவொலிக்கிடையே நிறைவேறியது. செயலாளரும் கை தட்டினார். கல்தச்சர் வந்து பெயரை வெட்டினார். மற்றவர்களின் பெயருக்கு எதிரே இறந்த தேதி இருந்தது. ராமசுப்ரமணியனுக்கு மட்டும் அந்த இடம் காலியாக விடப்பட்டது. வேளை வரும்போது நிரப்பிக்கொள்ளலாம்.

இவ்வாறாக அவர் மனைவி சாவித்ரி, இந்தியாவின் முதல் 'சுமங்கலி வீரவிதவை' ஆனாள்.

"ஏன்னா, இப்போ நான் யாரு?" என்று அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "சுமங்கலியா, மத்ததா?"

"ஹாலுக்குள்ளே நீ தியாகியோட பத்தினி. வெளியிலே என்னோட பத்தினி."

"அப்போ நீங்க?"

"அதே கணக்குத்தான். ஹாலுக்குள்ளே நான் இல்லை. வெளியிலே இருக்கேன்."

"இல்லாதவருக்கு எதுக்கு நாலாவது தோசை?" என்று அவள் அடுப்பை அணைத்தாள்.

ஏற்பாடு எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. எண்ணெய் போட்டவள் செண்பகவல்லி. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் விடியற்காலையில் வந்து, நிலவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, எண்ணெய் ஊற்றி, திரி போட்டுவிட்டு, விருந்தாளிகள் வருவதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். பிறகு சாவித்ரி மடிசாரும் மல்லிகையுமாக வந்து தீக்குச்சியைக் கிழிப்பாள். சுவரில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. அலங்காரக்காரர்கள் சுவரை மேலிருந்து கீழ்வரை பூவால் மூடி, நடுவில் மணமக்களின் பெயரை மின்விளக்கில் எரியவிட்டிருப்பார்கள்.

சுவர் திறந்திருந்தது வருஷத்தில் ஒரு நாள், நினைவு தினத்தன்று. அன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பெயர்களுக்கு முன்னால் பூ வைத்தார்கள். ராமசுப்ரமணியனின் பெயருக்கும் வைத்தார்கள். இரண்டு நிமிட மௌனத்தின்போது தன் பெயரின் முன்னால் தலை குனிந்து நின்ற அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனிதர் போய்விட்டார்!

இந்த நிலையில்தான் செண்பகவல்லி ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்கு வந்தாள்.

"சார், எம்மவளுக்குக் கல்யாணம். நம்ம ஹால்லயே வைக்கணும்."

"பேஷா! தியாகி குடும்பத்துக்கு இல்லாத ஹாலா?"

"அன்னைக்கு வெளக்க நான் ஏத்துதேன் சார்."

ராமசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாவித்ரி ஏத்துவா. அதானே வழக்கம்?"

"இத்தன கல்யாணத்துக்கும் திரியப் போட்டுட்டுப் பின்வாசல் வழியாத்தான் போனேன். ஒரு வார்த்த சொல்லிருப்பேனா? இது எம்மவ கல்யாணம் சார். அவுக இருந்தா அவுகளும் நானும் சேந்து நிப்போம். அவுக பேருதான் நிக்கி. அதுக்கு முன்னால ஒரே ஒரு வெளக்கு நான் ஏத்திக்கிடுதேனே."

"மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பா? நாளைக்கு இவ அங்கே போய் வாழணுமோல்லியோ? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

'உன் நல்லதுக்கு' என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொன்செல்விதான் முன்னால் வந்தாள்.

"சரி சார். வெளக்கு உங்க இஷ்டம். ஆனா சுவத்த பூ வச்சு மறைக்கக் கூடாது. தாலி கட்டும்போ எங்கப்பா பேரு என் கண்ணுல படணும்."

"அதுக்கென்ன, தாராளமா!" என்றார் ராமசுப்ரமணியன். பூ மிச்சம். வாழ்நாளில் யோசிக்காமல் அவர் ஒப்புக்கொண்ட ஒரே கோரிக்கை அது. விபத்தும் அதனால்தான் நேர்ந்தது.

கல்யாணத்தன்று தியாகத்தில் இருக்கைகள் நிரம்பி வழிந்தன. மாப்பிள்ளை செல்வகணேஷ் பீரங்கியிலிருந்து இறங்கி மணவறைக்கு வந்தான். அவன் அப்பா தாணுமாலையன், நாகர்கோவிலில் பேக்கரி வைத்திருப்பவர், வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றார். நாதஸ்வரம் முழங்கியது. வினய் முன்வரிசையில் செல்போனை நீட்டினான். சாவித்ரி தீப்பெட்டியோடு விளக்கை நோக்கி வந்தாள்.

தாணுமாலையனின் அக்காள் மங்கலத்துக்கு, சம்பந்தி பெயரைச் சுவரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள்.

"இசக்கிமுத்து... இந்தா இருக்கு, நல்லா இருக்கட்டும். அதுக்குக் கீழ யாரு? ராமசுப்ரமணியன். இதென்ன, தேதியக் காணோம்?"

பக்கத்தில் நின்ற வேதமாணிக்கம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "அதா? இப்போ வெளக்கு ஏத்தப் போற அம்மைக்க வீட்டுக்காரராக்கும்," என்றார்.

மங்கலம் சுவரைப் பார்த்தாள். சாவித்ரியின் தலையிலிருந்த மல்லிகையைப் பார்த்தாள்.

"லேய் தாணு! இந்த அம்மையும் தாலியறுத்தவளாக்கும்! பூவும் பொட்டுமா வந்து நிக்கா பாருலே!"

நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது.

"என்ன சாரே இது?" என்று தாணுமாலையன் பாய்ந்தார். "ஒரு விதவை வேண்டாம்னு சொன்னா, இன்னொரு விதவையக் கொண்டு நிறுத்தியிருக்கீரு?"

"ஐயையோ, அவ சுமங்கலி! பத்மநாபசுவாமி சத்தியமா சுமங்கலி!" என்று ராமசுப்ரமணியன் ஓடி வந்தார்.

"அப்போ இந்தப் பேரு?"

"அது நான்தான்!"

"நீரு எப்போ செத்தீரு?"

முன்வரிசையில் வினய் எழுந்தான். செல்போன் விளக்கிலிருந்து விலகி ராமசுப்ரமணியனின் முகத்துக்கு வந்தது.

"அங்கிள், ஜீவனோட இருக்கேன்னு ஒரு தடவை உரக்கச் சொல்லுங்கோ. கேமராவைப் பார்த்துச் சொல்லணும், கேட்டோ?"

உயிரோடு இருக்கிறேன் என்றால் சாவித்ரி தியாகி வீட்டார் இல்லை. நிபந்தனை உடைந்தது, ஹால் போயிற்று. இறந்துவிட்டேன் என்றால் சாவித்ரி விதவை, கல்யாணம் போயிற்று. 'மேல் விளக்கம் தேவை' என்று எத்தனை மனுக்களில் எழுதியிருப்பார்! இப்போது தானே ஒரு மனுவாக நடுக்கூடத்தில் நின்றார். திருப்பி அனுப்பக்கூட ஆள் இல்லை.

ஆகவே அவர் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். கண்ணை மூடி, தலையைக் குனிந்து, மௌனத்தில் இறங்கினார்.

நினைவு மண்டபத்தில், பெயர்ச் சுவருக்கு முன்னால், செயலாளரே தலை குனிந்து நிற்கிறார். முன்வரிசையில் ஒரு பெரியவர் அதைப் புரிந்துகொண்டு மரியாதையாக எழுந்தார். அவரைப் பார்த்து அவருடைய வரிசை எழுந்தது. அதைப் பார்த்துத் தியாகம் முழுவதும் எழுந்தது. தவில்காரர் எழுந்தார். கையில் அப்பளக் கூடையோடு வீரத்திலிருந்து வந்த பரிமாறுகிறவரும் நின்ற இடத்திலேயே தலை குனிந்தார். தாணுமாலையனுக்கு எதற்கென்று தெரியவில்லை, ஆனாலும் குனிந்தார். வினய்கூட, தாத்தாவின் மண்டபம் ஆயிற்றே என்று, செல்போனை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தான்.

அந்த ஹாலில் அப்படி ஒரு மௌனம் அதுவரை வந்ததில்லை. ஏசியின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு ஒரு தீக்குச்சி உரசும் சத்தம்.

தலைகள் நிமிர்ந்தபோது ஐந்து திரியும் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் செண்பகவல்லி நின்றாள். சாவித்ரியின் கையிலிருந்த தீப்பெட்டி எப்படி அவள் கைக்குப் போயிற்று என்பதை இருவரும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"ஏத்திட்டாளா? அணைங்க அத!" என்று தாணுமாலையன் கத்தினார்.

"சீ, வாயக் கழுவு!" என்று மங்கலம் அவர் மேல் பாய்ந்தாள். "கல்யாண வீட்டுல எரியுத வெளக்க அணைக்கதா? குடும்பம் வெளங்குமாலே? ஒருத்தரும் கிட்டப் போவப்படாது!"

விதவை ஏற்றியது அபசகுனம். ஏற்றியதை அணைப்பது அதைவிடப் பெரிய அபசகுனம். இரண்டு அபசகுனங்களும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றதில், நடுவிலிருந்த விளக்கு நிம்மதியாக எரிந்தது. வினய் அதைப் படம் பிடித்தான். சுவரில் பெயருள்ள வீரர், அவருடைய மனைவி, விளக்கு. மேஜர் கேட்டது அப்படியே நடந்திருந்தது. நெடுமூச்சு விட்டுச் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விட்டான்.

கெட்டிமேளம் கொட்டியது. பொன்செல்வி சுவரைப் பார்த்தபடி கழுத்தை நீட்டினாள்.

பந்தியில் ராமசுப்ரமணியன் உட்காரப் போனார். "அவருக்கு இலை போடாதீங்கோ," என்று சாவித்ரி பரிமாறுகிறவரைத் தடுத்தாள். "ஹாலுக்குள்ளே அவர் இல்லை." எல்லோருடைய இலையிலும் அடைப்பிரதமன் பாயசம் பாய்வதை அவர் ஒரு தியாகிக்குரிய அமைதியோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்த பிறகு செண்பகவல்லி சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். இசக்கிமுத்துவின் பெயரைக் கையால் தடவினாள். பிறகு கீழே இருந்த பெயரைக் காட்டினாள்.

"அவுகளுக்குத் தேதி இருக்கு சார். ஒங்களுக்கு எந்தத் தேதி போடணும்?"

மௌனத்தில் தேர்ந்த அவருக்கு அன்றுதான் முதல் முறையாகப் பேச வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஏசியை அணைக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரமே குழு கூடி, தக்க தருணத்தில் மௌனம் காத்த செயலாளரைப் பாராட்டியது. இனி எந்த நிகழ்ச்சியிலும் சுவரில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியாதபடி பூவால் மூட வேண்டும் என்றும் முடிவாயிற்று. சாவித்ரி பதவி விலகிவிட்டதால், சுவரில் அடுத்து வேதமாணிக்கத்தின் பெயரை வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார். வேதமாணிக்கம் கடித்த வடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினார், இன்னும் திரும்பவில்லை.

ராமசுப்ரமணியனின் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் அந்தச் சுவரில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுடைய மனைவி விளக்கேற்றிவிடக் கூடாதே என்பதற்காக உயிரைக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.