டர்போவும் மாரியாயியின் கம்பளியும்

டர்போ என்றால் என்னவென்று எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. அந்தத் தகுதியோடுதான் எண்பதுகளில் மச்சானின் லொறிக்கு ஒன்றைப் பொருத்தினேன்.

மச்சான் தங்கராசு என் அக்காவின் கணவர். ஹட்டனுக்கு அப்பால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கீழ் மலையில் பறித்த கொழுந்தை மேலே பெக்டரிக்கு ஏற்றிப்போவது அவருடைய பழைய டீசல் லொறி. அக்கா வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த வேலையால்தான். திடீரென்று லொறி கோயில் வளைவு மேட்டில் இருமி இருமி நிற்க ஆரம்பித்தது. அது நின்றால் கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடாகிச் சிவந்துவிடும். ஒருநாள் கண்டாக்கு ஐயா (தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர்) சொல்லிவிட்டார்.

"தங்கராசு, இன்னொரு தடவ செவந்த கொழுந்து வந்துச்சுன்னா வேலைய ட்ராக்டர்காரனுக்குக் குடுத்துருவேன்."

நான் தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர், நிறைய வாசிப்பவன். (வாசித்ததை அடுத்தவர் வீட்டுப் பொருளில் செய்து பார்ப்பவன்.) அந்த லொறிக்கு நான் அதுவரை செய்திருந்த தொண்டு ஒன்றுதான்: டீசல் டாங்கியின் மூடி தொலைந்தபோது என் பழைய பனியனைத் திணித்து அடைத்தேன். ஒருநாள் பார்த்தால் அதைக் காணோம், வழியில் எங்கோ பறந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு மச்சான் மூடியே வாங்கிப் போட்டார். இந்த முறை கையில் ஓர் ஆங்கில மோட்டார் சஞ்சிகையோடு போனேன்.

"பெக்டரில கொழுந்து வாட்ட காத்தாடி போட்டு காத்தடிக்கிறாங்கல்ல மச்சான்? அதே மாதிரி எஞ்சினுக்குள்ள காத்தடிச்சா மேடெல்லாம் பறந்து ஏறும்."

"கொழுந்து வாடுறதுக்குத்தானே மாப்ள காத்தடிக்கிறாங்க. எஞ்சினும் வாடிறப் போவுது."

ஆனால் பயந்திருந்தவர் எதற்கும் சம்மதிப்பார். கினிகத்தேனைப் பழைய இரும்புக் கடையில் பெரிய நத்தை போன்ற ஒரு டர்போ கிடைத்தது. ஞாயிறு முழுக்க நான் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல மச்சான் முடுக்கினார். டர்போவுக்குள் எண்ணெய் வர ஒரு குழாய், திரும்பிப் போக ஒரு குழாய். படத்தில் திரும்பும் குழாய் கீழ்நோக்கி இறங்கியது. எங்கள் லொறியில் கீழே இடமில்லை. மேலே தாராளமாக இருந்தது. மேலேயே விட்டோம். (மேடேற முடியாத லொறிக்கு வைத்தியம் பார்க்கப் போய் எண்ணெயை மேடேறச் சொன்னவன் நான்.) காற்று வடிகட்டியும் பொருந்தவில்லை. மலைக்காற்று சுத்தம்தானே என்று டர்போவின் வாயைத் திறந்தே விட்டோம்.

திங்கட்கிழமை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் சோதனை. சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து மச்சான் ஸ்டார்ட் செய்தார். விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் கண்டாக்கு ஐயாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன்.

சத்தம் ஏறியது. பிறகும் ஏறியது. நீலப் புகை மடுவத்தை மறைத்தது.

"மச்சான், எக்ஸலேட்டர்ல இருந்து கால எடுங்க."

"நான் எறங்கி ஒங்க பக்கத்துலதான் மாப்ள நிக்கிறேன்."

உண்மைதான், லொறிக்குள் யாருமே இல்லை. மச்சான் ஓடிப்போய் எஞ்சினை அணைக்கும் கம்பியை இழுத்தார். அணையவில்லை. டீசல் குழாயையே கழற்றினார். டீசல் இல்லாமல் இன்னும் உற்சாகமாக ஓடியது.

"அப்ப இது எதுல மாப்ள ஓடுது?"

நான் சஞ்சிகையைப் புரட்டினேன். (திரும்பிப் போக முடியாத எண்ணெய் டர்போ வழியாக எஞ்சினுக்குள் கசிய, அது தன் எண்ணெயையே குடித்து ஓடியது என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது.)

"எதுக்கு மாஸ்டர் இம்புட்டு ரேஸ் பண்றீங்க?" என்றார் கண்டாக்கு ஐயா.

"நாங்க பண்ணலீங்க ஐயா."

"முனி ஏறிருச்சு," என்று யாரோ சொல்ல, இன்னொருவர் மறுபடி சூடம் கொளுத்தினார். அந்த நேரத்தில் எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

கொழுந்து நிறுக்க வந்திருந்த மாரியாயி அக்கா லொறி தீப்பிடித்துவிட்டதென்று நினைத்தார். மழைக்குப் போர்த்தியிருந்த ஈரக் கம்பளியை உருவி எஞ்சின் மேல் வீசினார். திறந்திருந்த வாய் அதை லபக்கென்று இழுத்துக்கொண்டது. எஞ்சின் இரண்டு தரம் விக்கி, செத்தது.

கண்டாக்கு ஐயா காதைக் குடைந்துகொண்டார். "எல்லாஞ் சரி. கொழுந்து இப்ப எப்பிடிப் போவும்?"

ட்ராக்டரில் போனது. வேலையும் அதன் பின்னாலேயே போனது. லொறி ஹட்டன் கராஜுக்குப் போய் டர்போ இல்லாமல் திரும்பியது. மாரியாயி அக்காவுக்குப் புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்தேன். என் அக்கா எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. ட்ராக்டர் ஒரு மழைநாளில் பாதையோர வடிகால் கானுக்குள் இறங்கிய பிறகுதான் வேலை மச்சானிடம் திரும்பியது. இன்றைக்கும் அந்த வீட்டில் நான் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும், "கம்பளி எடுத்துட்டு வரவா மாமா?" என்று அக்காவின் பிள்ளைகள் கேட்பார்கள்.

பல வருஷம் கழித்து, எண்ணெய் ஏன் கீழ்நோக்கி இறங்க வேண்டும் என்று மச்சானுக்குத் தாளில் வரைந்து விளக்கினேன். குழாய் மட்டும் சரியாக இருந்திருந்தால் லொறி பறந்திருக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேநீரை உறிஞ்சினார்.

"இருக்கும் மாப்ள. ஆனா ஹட்டன் கராஜ்ல டாங்கியக் கழட்டுனப்ப உள்ள டீசல் போற வழிய அடச்சுக்கிட்டு ஒங்க பனியன் கெடந்துச்சு. அத எடுத்ததுமே மேடு ஏறிருச்சு."