ஒண்ணைக் கூட்டியும் சைபர்

"கல்யாணப் பத்திரிகையில சைபர் போடுவாங்களா யாராவது?"

விழுப்புரத்திலிருந்து போனில் கேட்டவர் அம்சா, சங்கவியின் வருங்கால மாமியார்.

சங்கவி திண்டிவனத்தில் மாலை நேரக் கணக்கு வகுப்பு எடுப்பவள். இரு வீட்டுக்கும் ஒரே பத்திரிகை. அதில் 'அங்காளம்மன் துணை'க்குக் கீழே அவள் ஆசைப்பட்டு ஒரே ஒரு வரி சேர்த்திருந்தாள்: e^iπ + 1 = 0.

e, i, π, 1, 0 என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து எண்கள் ஒரே வரியில் உறவாகிவிடுகின்றன, கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன என்று விளக்கினாள்.

"மொய்யே நூறுன்னு வெக்க மாட்டோம், நூத்தியொண்ணுன்னு வெப்போம். நீ ஒண்ணைக் கூட்டியும் சைபர்ல கொண்ணாந்து நிறுத்துறியேம்மா."

அதில் நியாயம் இருப்பதாக சங்கவிக்கே பட்டது. ஒன்றை அந்தப் பக்கம் தள்ளி, தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினாள்: e^iπ = −1.

மைனஸுக்கு சைபரே தேவலை என்றார் அம்சா.

இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினாள். e^2iπ = 1. சுத்தமான ஒன்று. அம்சாவுக்கும் திருப்திதான். அர்த்தம் என்ன என்று கேட்டபோது சங்கவி ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"முழுசா ஒரு சுத்து சுத்தி, பொறப்பட்ட இடத்துக்கே வந்துடும் அத்தை."

அம்சா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீ திண்டிவனத்துக்கே திரும்பி வந்துடுவியா?"

வரியே வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அம்சா மறுத்த ஒவ்வொரு முறையும் சங்கவி மாப்பிள்ளை திருமுருகனைப் போனில் கூப்பிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசச் சொன்னாள். முதல் முறை அவன் கெடாரில் இருந்தான். அடுத்த முறை மேல்மலையனூர். பிறகு பெருமுக்கல். எப்போதும் பைக் சத்தம். "ம், அப்புறம் பேசறேன்" என்ற ஒரே பதில்.

பெண் பார்க்க வந்த அன்று அவனுக்கு ஒரு வட்டம் வரைந்து காட்டியிருந்தாள். ஒன்றிலிருந்து அரைச் சுற்று போனால் மைனஸ் ஒன்று. அங்கிருந்து ஒன்றைக் கூட்டி ஓரடி வைத்தால் வட்டத்தின் நடு. சைபர் என்பது ஒன்றுமில்லாத இடமல்ல, நடு. அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்காகத்தான் சம்மதித்தாள். ஒரு வரிக்காக வாய் திறக்காதவனோடு எப்படிக் காலம் தள்ளுவது?

அம்சாவுக்கு அவளே போன் செய்தாள்.

"அத்தை, சைபரோடதான் வரும். இல்லைன்னா பத்திரிகையும் வேணாம், கல்யாணமும் வேணாம்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த அச்சகத்துக்கு நேரே நடந்தாள். உரிமையாளர் ஆரோக்கியசெல்வி உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பத்திரிகையை நிறுத்திவிடச் சொன்னாள்.

"எதைம்மா நிறுத்தறது? சைபர் பேஜாரு ஆரம்பிச்ச அன்னிக்கே மாப்பிள்ளை வந்து, சைபரோடவே அடிச்சு வாங்கிக்கினு போயிட்டாரே. கெடாரு, மேல்மலையனூரு, பெருமுக்கலு எல்லாம் போய் பத்திரிகை குடுத்து முடிச்சாச்சாம். அவங்கம்மாவுக்குத்தான் இன்னும் காட்டலையாம்."