கொற்கைக்குத் துடுப்போடு போனேன்

மற்றவர்கள் குடையைத் தொலைப்பார்கள், வண்டிச் சாவியைத் தொலைப்பார்கள். நான் ஒரு கடலைத் தொலைத்திருக்கிறேன். அதுவும் தனியாக இல்லை. பதினோரு நார்வேக்காரர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, காலை ஒன்பதரை மணிக்கு, கண் கூசும் வெயிலில் தொலைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. மதுரையில் ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை. வெளிநாட்டிலிருந்து குழந்தை குட்டிகளோடு வரும் குடும்பங்களைச் சின்னக் குழுவாகச் சேர்த்து ஊர் காட்டுவது அவர்கள் தொழில். 'பொறுப்பான சாகசப் பயணம்' என்று பெயர். சாகசம் என்றால் கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகு ஓட்டுவது, சைக்கிள் மிதிப்பது. பொறுப்பு என்றால் பன்னிரண்டு பேருக்கு மேல் கூட்டம் சேர்க்கக் கூடாது, பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, சாப்பாடு உள்ளூர்க்காரர் வீட்டில், கடற்கரையில் சும்மா கிடக்கிற கிளிஞ்சலைக்கூடப் பையில் போடக் கூடாது. (இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் எங்கள் அம்மா, "அப்ப எதுக்குளா கடலுக்குப் போறாவ?" என்றாள்.)

நிறுவனத்தை நடத்திய மேடம் கொடைக்கானல்காரர். தூத்துக்குடிப் பக்கம் புதிதாக ஒரு மூன்று நாள் பயணம் வேண்டும், உன் ஊர்தானே, நீயே எழுதி நீயே கூட்டிக்கொண்டு போ என்றார். அதுதான் எனக்குப் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாமா வைத்திருக்கும் சரக்குக் கிளியரிங் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். மாமா எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார். அதை நினைத்தாலே முதுகு வலிக்கும்.

கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே மத்தியானத்தில் திட்டத்தை எழுதி முடித்தேன். முதல் நாள் உப்பளம். இரண்டாம் நாள் தோணி கட்டும் இடம். மூன்றாம் நாளுக்கு வந்தபோது எனக்குக் கொஞ்சம் கிறக்கம் வந்துவிட்டது. 'பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையிலிருந்து இளங்காலை வெளிச்சத்தில் கயாக் பயணம்' என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கண்ணை மூடினால் காட்சி தானாக ஓடியது. பால் நிறத்தில் அசையாத தண்ணீர். குதிரைகள் இறங்கிய துறை. நான் முன்னால் துடுப்பு வலிக்க, பின்னால் குழந்தைகள் வரிசையாக வருகிறார்கள். என் துப்பட்டா காற்றில் பறக்கிறது. (லைப் ஜாக்கெட்டுக்கு மேல் துப்பட்டா எப்படிப் பறக்கும் என்று நான் யோசிக்கவில்லை.)

கொற்கைக்கு நான் போனதே இல்லை. தூத்துக்குடியில் பிறந்தவர்கள் திருச்செந்தூர் போவோம், துணி எடுக்கத் திருநெல்வேலி போவோம், வேலைக்குச் சென்னை போவோம். கொற்கைக்கு ஏன் போகப் போகிறோம்? ஆனால் கொற்கைத் துறைமுகம் பற்றிப் பத்தாம் வகுப்பில் குறிப்பு வரைந்து ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான். கடல் இன்னமும் அங்கே இருக்கிறதா என்று கேள்வித்தாளில் கேட்கவில்லை. இருந்தாலும் பொறுப்பாகப் போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். கொற்கை என்ற பெயருக்குப் பக்கத்தில் நீலமாக இருந்தது. பெரிதாக்கிப் பார்க்கவில்லை. தெருமுனைக்குப் போனால் கடல் தெரிகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு நீலம் என்றால் கடல்தான். அது அந்த ஊர்க் குளம்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தார்.

மூன்றாம் நாள் காலை வேனில் நாங்கள் கிளம்ப, ஐந்து கயாக்குகளைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி யானை வண்டி பின்னால் வந்தது. வேன் ஓட்டியவர் ஸ்ரீவைகுண்டத்து இசக்கி அண்ணாச்சி. பேச்சு குறைவு. மூன்று குடும்பம், ஐந்து குழந்தைகள். எல்லோரும் விடுதியிலேயே நீச்சல் உடை, அதன்மேல் ஆரஞ்சு நிற லைப் ஜாக்கெட் மாட்டி, இட்லி மாவில் விழுந்து எழுந்தது போல முகத்தில் வெயில் களிம்பு பூசியிருந்தார்கள். கடைக்குட்டி இங்காவுக்கு ஏழு வயது. ஊரிலிருந்து விமானத்தில் வரும்போதே முத்துக் கப்பல் படமாக வரைந்து ஒரு நோட்டை நிரப்பிவிட்டாளாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் தோளைத் தட்டி, "கடல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகப் பின்னால் போயின. பழையகாயல் தாண்டியதும் வேன் வலதுபக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி, கடல் இடது பக்கம்லா?" என்றேன்.

"ஆமா, கடல் அந்தப் பக்கந்தான். கொற்கை இந்தப் பக்கம்."

அண்ணாச்சிக்குக்கூட வேடிக்கையாகப் பேச வரும் போல என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வேன் நின்ற இடத்தில் ஒரு பக்கம் வாழைத்தோட்டம். இன்னொரு பக்கமும் வாழைத்தோட்டம். நடுவில் இரண்டு வெள்ளாடுகள் நின்று எங்களைப் பார்த்தன. பதினோரு பேர் துடுப்போடு இறங்கி என்னைப் பார்த்தார்கள். நான் ஆடுகளைப் பார்த்தேன். வாழை இலைகளில் காற்று புகுந்து போன சத்தம், சத்தியமாகச் சொல்கிறேன், அலைச் சத்தம் மாதிரியே இருந்தது. அதை நம்பித் தோட்டத்துக்குள் நாலடி நடந்தேன். அங்கே பேச்சியம்மாள் என்ற நடுவயதுக்காரி இலை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, கடற்கரைக்கு எப்படிப் போவணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். துடுப்பைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"கடலா? அது போயி ரொம்ப நாளாச்சே, தாயி. பிந்தி வந்துட்டியளே."

"எப்பப் போச்சு?" (கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.)

"எங்க மாமியா காலத்துலயே கெடையாது."

இசக்கி அண்ணாச்சி பக்கம் திரும்பி, "ஏன் அண்ணாச்சி நீங்க மொதல்லயே சொல்லல?" என்று பல்லைக் கடித்தேன்.

"நீங்க படிச்சவிய. தோட்டத்துல படகை வச்சுப் படம் புடிப்பாவ போலன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

இங்காவின் அப்பா லார்ஸ் ஆறடிக்கு மேல் உயரம். குனிந்து, அந்தப் பெண் என்ன சொன்னார் என்று கேட்டார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. என் கண்முன்னால் மாமாவின் நாற்காலி வந்து நின்றது.

"இப்போது வற்றமாம், கடல் உள்வாங்கியிருக்கிறதாம். ஏற்றம் வந்ததும் தண்ணீர் வந்துவிடுமாம்" என்றேன். (எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு முழம் வித்தியாசம் இருந்தால் அதிகம்.)

நார்வேக்காரருக்கா கடலைப் பற்றித் தெரியாது? வாழை மரத்தை அண்ணாந்து பார்த்தார். குலை தள்ளி முற்றிய மரம். பிறகு மிகவும் மரியாதையாக, "எத்தனை மணிக்கு?" என்றார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினொன்றேகால்" என்றேன்.

பெரியவர்கள் தலையாட்டிவிட்டு வாழை நிழலில் போய் உட்கார்ந்தார்கள். அந்த மரியாதையைத் தாங்குவதைவிட நாலு பேர் திட்டியிருக்கலாம். ஆனால் குழந்தைகள் நம்பிவிட்டார்கள். ஐந்து பேரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கடலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். இங்கா மட்டும் எழுந்து போய் ஆடுகளை மேட்டுப் பக்கம் விரட்டிவிட்டு வந்தாள். தண்ணீர் வந்தால் ஆடுகள் நனைந்துவிடுமாம்.

வேலை போனால் போகிறது, இந்தப் பிள்ளையை இப்படி ஏமாற்றிவிட்டு நான் எங்கே போய் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்கும்தான். சரியாகப் பதினொன்றேகாலுக்கு அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வரப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்கா, கடல் வராது. நான் பொய் சொன்னேன். ரொம்பக் காலத்துக்கு முன்னால் இங்கேதான் இருந்தது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, அது கிழக்கே தள்ளிப் போய்விட்டது. எனக்கு அது தெரியாது. இந்த ஊருக்கு நான் வந்ததே இல்லை."

எல்லோருக்கும் கேட்டது. வெட்கத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இங்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். அழப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"கடல் இங்கே இருந்ததென்றால், நாம் இப்போது அதன் அடியில் இருக்கிறோமா?"

"பிள்ள என்ன கேக்கு?" என்றாள் பேச்சியம்மாள். இந்த முறை ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

"ஆமான்னு சொல்லு. கன்னு வைக்கக் குழி தோண்டுனா சங்கும் சிப்பியுமாலா வருது" என்றவள் மண்வெட்டியை எடுத்து நாலு போடு போட்டாள். முழங்கால் ஆழத்தில், ஈர மண்ணோடு, சிப்பிகள் வந்தன. நொறுங்கியவை, முழுசானவை, ஒரு சங்கின் முனை. இங்கா ஒரு சிப்பியைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்தாள். கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு, துடுப்பை மெதுவாக வலித்தபடி வாழை வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். கடலடியில் வேகமாக நடக்க முடியாதல்லவா?

மற்ற நாலு பிள்ளைகளும் பின்னால் போனார்கள். அப்புறம் தாய்மார்கள். லார்ஸ் கன்னத்தை உப்பிக்கொண்டு என்னைக் கடந்து மிதந்து போனார். இலைகள் வழியாக வெளிச்சம் பச்சையாக இறங்கி எல்லோர் மேலும் அசைந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தலைக்கு மேல், வெகு உயரத்தில், அப்பாவின் தோணி போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. அதன் அடிப்பலகைகூட எனக்குத் தெரிந்தது. அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டே போய், பாத்திக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் குப்புற விழுந்தேன்.

ஆக, அன்றைக்குக் கொற்கையில் தண்ணீரில் இறங்கியவள் நான் ஒருத்திதான்.

கிளம்பும்போது பொறுப்பான பயணிகள் எல்லாச் சிப்பிகளையும் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார்கள். பேச்சியம்மாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "திருப்பிப் பொதைக்கதுக்கா நான் தோண்டிக் குடுத்தேன்?" என்று வேன் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். மூன்று குடும்பமும் கருத்து எழுதியிருந்தார்கள். லார்ஸ், 'கடல் வரவில்லை. ஆனால் வழிகாட்டி கடைசியில் உண்மையைச் சொன்னார்' என்று எழுதியிருந்தார். மேடம் அதை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "கயாக்கை எடுத்துடு. நடக்கிறது இருக்கட்டும்" என்றார். எட்டு வருடமாக இருக்கிறது. 'கடலடி நடை' என்று பெயர். பேச்சியம்மாள் வீட்டில் மதியச் சாப்பாடு. மாமா அந்த நாற்காலியை இரண்டு வருடம் எனக்காகக் காலியாகவே வைத்திருந்தார், பாவம்.

வேலை தப்பியது, மானம் தப்பவில்லை. மாலத்தீவிலிருந்து திரும்பிய அப்பாவிடம் அம்மா முதலில் சொன்ன செய்தியே இதுதான். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். என் கல்யாணத்தன்று புடவை கட்ட நேரமாகி, மாப்பிள்ளை வீட்டார் கோயில் வாசலில் நின்று பொண்ணு எங்கே என்று கேட்டபோது, அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப வற்றம். பதினொன்னேகாலுக்கு ஏறி வந்துரும்" என்றாராம். இன்று என் கணவரும் அதையேதான் சொல்கிறார்.

இங்காவுக்கு இப்போது பதினைந்து வயது. வருடப் பிறப்புதோறும் 'வந்துவிட்டதா?' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்புவாள். 'இன்னும் இல்லை' என்று நான் பதில் போடுவேன். இந்த முறை, ஜூலையில் தன் அப்பாவோடு மறுபடி வருவதாகவும், இனியும் பொறுக்க முடியாது, கிழக்கே நடந்து போய்க் கடலைத் தானே கூட்டிக்கொண்டு வரப்போவதாகவும் எழுதியிருக்கிறாள்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், அந்த நாளின் ஞாபகமாக நான் கொண்டுவந்து போட்டிருந்த துடுப்பு கிடக்கும் பரணைக் காட்டினாள்.

"துடுப்ப எறக்கித் தொடச்சு வையிளா. ஆடு நனையக் கூடாதுன்னு நெனச்ச பிள்ள. அவ கூப்பிட்டா வந்தாலும் வரும்."