நடந்து போகும் தூரத்தில் ஒன்பது சாப்பாட்டுக் கடைகள்

யாராவது என்னிடம் வந்து, "பக்கத்துல சாப்பிட நல்ல இடமா சொல்லுங்களேன்" என்று கேட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பதில் தெரியாமல் இல்லை. ஆரணியில் எந்தத் தெருவில், எந்தக் கடையில், எத்தனை மணிக்கு வடை சூடாக இருக்கும் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். "தெரியலீங்க, நான் வீட்லதான் சாப்பிடுவேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு காலத்தில் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். (சொல்வதென்ன, அச்சடித்தே கொடுத்தேன்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, உலகத்துக்கே நிர்வாகம் சொல்லிக் கொடுக்கப் போகிற தோரணையில் ஊர் திரும்பியிருந்தேன். நெசவாளர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன பட்டுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம். பிடிக்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் இரண்டு தறிக்கும் நூல் சுற்றிக் கொடுக்க வேண்டியதுதான். அப்பா அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தார். நூல் சுற்றுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் என்னால் ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. அந்த வேலை எனக்கு ஆயுள் தண்டனை மாதிரி.

ஆறாவது மாதத்தில் ஒரு பெரிய வேலை வந்தது. வெளியூர்க் கடைக்காரர்களை வரவழைத்து, எங்கள் நெசவாளர்களின் புடவைகளை நேரில் காட்டுகிற ஒருநாள் கூட்டம். மேனேஜர் வைதேகி மேடம் என்னைக் கூப்பிட்டு, "இத நீ ஒழுங்கா நடத்திட்டா உன் நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் தேதி. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். நான்தான் அமாவாசை என்றேன். எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்குத்தான் நெசவாளர்களைக் கையில் பிடிக்க முடியும். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்து, "இதுக்குத்தான் உள்ளூர் ஆளு வேணுங்கறது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் தலை பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

இடம், நெசவாளர் தெருக்களுக்கு நடுவில் இருந்த ஒரு கல்யாண மண்டபம். சமீபத்தில் ஏ.சி. போட்டு, வாசலில் இருந்த பழைய பலகையை எடுத்துவிட்டு 'கன்வென்ஷன் சென்டர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே மணமகள் அறை என்ற எழுத்து அப்படியேதான் இருந்தது.

அடுத்து சாப்பாடு. "மண்டபத்துச் சமையல்காரர்கிட்டயே சொல்லிடலாமே" என்றார் மேடம். அத்தோடு நான் தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. சென்னையில் படிக்கும்போது ஒரு பெரிய கண்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே நுழைந்ததும் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அரங்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கெங்கே சாப்பிடலாம் என்று வரைபடத்தோடு ஒரு பட்டியல். எனக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மேடம், பந்தி போடறதெல்லாம் பழைய முறை. விருந்தாளிங்க ஊர நடந்து பாக்கணும். அவங்கவங்க விருப்பப்படி சாப்பிடணும். அதான் இப்ப எல்லா இடத்துலயும்" என்றேன்.

"நம்ம ஊர்லயா?" என்றார் மேடம் சந்தேகமாக.

"நான் பாத்துக்கறேன் மேடம்."

பார்த்துக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க மண்டபத்தைச் சுற்றியிருந்த ஒன்பது கடைகளிலும் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். இட்லிக் கடை, மெஸ், பிரியாணிக் கடை, தோசைக்கென்றே ஒரு கடை. மண்டபத்து வாசலிலிருந்து போனில் நேரம் வைத்துக்கொண்டு நடந்தேன். மெஸ் நான்கு நிமிடம். பிரியாணி ஆறு. எல்லாவற்றையும் கலரில் அச்சடித்து, ஒவ்வொரு விருந்தாளியின் ஃபைலிலும் முதல் பக்கமாக வைத்தேன். ஆய்வு செய்ததில் இரண்டு கிலோ எடை கூடியது. ஆய்வு செய்த நாட்கள் எல்லாம் தறி ஓடுகிற நாட்கள் என்பது மட்டும் என் பூசணித் தலைக்குள் ஏறவில்லை.

கூட்டம் அமோகமாகத்தான் நடந்தது. நெசவாளர்கள் வந்து குவிந்தார்கள். புடவைகளை விரித்துக் காட்டினார்கள். பதினொன்றரைக்கெல்லாம் அவர்கள் படையல் போட வீட்டுக்குக் கிளம்பினார்கள். அப்பா மட்டும் போகவில்லை. கடைசியில் நான் நன்றியுரை சொல்லப் போகிறேன் என்று காலையிலேயே பெருமை பீற்றியிருந்தேன். அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டுத்தான் போவேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் மிஞ்சியவர்கள் இரண்டே விருந்தாளிகள். ஒருவர் ஹைதராபாத்தில் பெரிய புடவைக் கடை வைத்திருக்கும் ராவ் சார், அறுபது வயதைத் தாண்டியவர். இன்னொருவர் பெங்களூரிலிருந்து வந்த டிசைனர் அனுஷா. மற்றவர்கள் முன்னதாகவே காரில் கிளம்பிவிட்டார்கள். "நான் அமாவாசை விரதம், நீயே கூட்டிட்டுப் போ" என்று மேடம் புடவைகளுக்குக் காவலாக மண்டபத்திலேயே தங்கிவிட்டார்.

ராவ் சார் என் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "மெஸ், நாலு நிமிஷம். கரெக்டாம்மா?"

"நானே நடந்து பாத்தேன் சார்."

"அப்போ சரி" என்று பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தார். "சுகர் மாத்திரை. இத போட்டா அரை மணியில சாப்பிட்டே ஆகணும்மா. இல்லேன்னா தல சுத்தும்."

மணி பன்னிரண்டே முக்கால்.

மெஸ்ஸுக்கு நான்கு நிமிடத்தில் போய்விட்டோம். என் கணக்கில் பிழை இல்லை. ஷட்டர் இறங்கியிருந்தது. சரி, உள்ளே சமையல் நடக்கிறது போலிருக்கிறது என்று ஷட்டரைத் தட்டினேன். எதிர் வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்தார்.

"இன்னாம்மா தட்டிகினு கீற? இன்னிக்கு அமாவாச. தறிக்காரங்க யாரு வந்து சாப்டுவாங்க? மெஸ்காரங்க குலதெய்வம் கோயிலுக்குப் போய்ட்டாங்க."

 நான் சிரித்து வைத்தேன். "சார், அடுத்தது ரெண்டே நிமிஷம்."

பிரியாணிக் கடை பூட்டு. அமாவாசை அன்று எங்கள் தெருக்களில் எவன் பிரியாணி தின்பான்? இட்லிக் கடையில் அடுப்பின் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. தோசைக் கடையில் ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் கடை ஆள் இல்லை, நிழலுக்கு ஒதுங்கியவர். ஐந்து, ஆறு, ஏழு என்று நான் முன்னால் ஓட, அந்த வயதான மனிதர் பின்னால் வேகுவேகென்று நடந்து வர, அனுஷா பூட்டிய ஷட்டர்களை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். (கலை என்று நினைத்துக்கொண்டாளாம்.)

போனில் சாப்பாடு வரவழைக்கும் ஆப்பைத் திறந்தேன். எல்லாக் கடைக்கும் நேராக 'நாளை காலை திறக்கும்' என்றிருந்தது. பேருந்து நிலையத்துச் சைவ ஓட்டலுக்குப் போன் போட்டேன்.

"அமாவாச கூட்டம்மா, எல போட ஆளில்ல. நீங்களே வந்து வாங்கிகினு போங்க" என்று வைத்துவிட்டார்கள்.

போகலாம்தான். எதில் போவது? விருந்தாளிகளுக்காகப் பேசியிருந்த வேன் டிரைவரைக் கூப்பிட்டேன். "மேடம், சாயந்திரம் வரைக்கும் சும்மாதான நிக்கணும்னு மேல்மலையனூர் கோயிலுக்கு ஒரு அமாவாச டிரிப் ஏத்திகினு வந்தேன். இப்ப பாதி தூரம், சேத்துப்பட்டு தாண்டிட்டேன். ஜல்தியா வந்துர்றேன்" என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ இல்லை. அவர்களும் மலையனூருக்குத்தான் போயிருந்தார்கள். நான் குறித்த நல்ல நாள் அப்படி.

மணி ஒன்று ஐந்து. ராவ் சார் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. விரல் நடுங்கியது.

"உங்க பட்டியல்ல இன்னும் எத்தன இருக்கும்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போகட்டும், இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அனுஷா பையைத் துழாவி ஒரு சாக்லேட்டைக் கொடுத்தாள். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு, "இது கொஞ்ச நேரம்தான் தாங்கும்" என்றார்.

அடுத்த தெருதான் எங்கள் வீடு.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சாம்பார் வாசனை தெரு வரைக்கும் வந்தது. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அம்மா அவர்களைக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

"இன்னாடி இது? இன்னும் காக்காவே எடுக்கலடி."

தாத்தா படத்துக்கு முன்னால் இலையில் எல்லாம் படைத்தாகிவிட்டது. வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, வடை, பாயசம். ஆனால் மாடியில் வைத்த சோற்றைக் காக்கை எடுத்தால்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். என் நன்றியுரைக்காகக் காத்திருந்த அப்பா வீட்டுக்கு வந்து குளித்துப் படையல் போடுவதற்குள், தெருவில் மற்ற எல்லா வீட்டுச் சோறும் மாடி ஏறிவிட்டது. எங்கள் தெருக் காக்கைகள் அத்தனை வீட்டுப் பந்தியிலும் உட்கார்ந்து எழுந்து, எங்கேயோ தூங்கப் போயிருந்தன.

மாடிக்கு ஓடினேன். அப்பா வெற்று உடம்போடு வெயிலில் நின்று, "கா, கா" என்று கத்திக்கொண்டிருந்தார். நானும் கத்தினேன். கீழே ஓடி ராவ் சாரின் முகத்தைப் பார்த்தேன். மறுபடி மாடி. தூரத்தில் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கை நீட்டி, "தயவு செஞ்சு வா, எனக்கு வேலை நிரந்தரமாகணும்" என்று சொன்னேன். எம்.பி.ஏ. படித்தவள். அது இறக்கையைக் கோதிக்கொண்டது.

"அப்பா, அவருக்கு மயக்கம் வந்துகினு கீதுப்பா. சாப்பாடு போட்டுடலாம்."

"படைச்சத காக்கா எடுக்காம எப்படிம்மா போடறது? எங்கப்பாவுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார். சாமி கும்பிடாதவர், மூடநம்பிக்கை என்று பேசுகிறவர். அவருடைய அப்பா விஷயத்தில் மட்டும் அசைய மாட்டார்.

அப்போது கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. கத்தவில்லை. தெளிவாகத்தான் சொன்னாள்.

"இன்னாங்க, மாமாவும் சுகர்காரர்தானே? ஒரு மணி தாண்டினா தட்ட தூக்கி அடிப்பாரு. அவருக்குத் தெரியாத பசியா இது? நான் எல போட்டாச்சு. காக்கா வந்து கேட்டா நான் பேசிக்கிறேன்."

அப்பா காக்கையின் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருடத்தில் அம்மா மாமனாரைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. சொன்ன முதல் குறையில் ஓர் உயிர் பிழைத்தது.

ராவ் சார் முதல் ஐந்து நிமிடம் தலை நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்து, "அம்மா, கூட்டு கொஞ்சம்" என்றார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. நான் சமையலறைச் சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அனுஷா மூன்று வடை சாப்பிட்டாள். அவர்கள் மோர் சாதத்துக்கு வந்தபோது மாடியிலிருந்து அப்பா, "வந்துச்சு, வந்துச்சு" என்று இறங்கி வந்தார். காக்கை சோற்றைத் தொடவில்லையாம், வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.

இரண்டு நாள் கழித்து வைதேகி மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ராவ் சார் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவம் இருந்தது. இருநூறு புடவைக்கு ஆர்டர் தந்திருந்தார். ஏற்பாடுகள் என்ற இடத்தில் 'மிக மோசம்' என்றும், உணவு என்ற இடத்தில் 'இதைப் போல் நான் சாப்பிட்டதில்லை' என்றும் எழுதியிருந்தார்.

மேடம் அதை இரண்டு முறை படித்தார். "ஒரு மனுஷன தெருத்தெருவா நடக்க வச்சு கொல்லப் பாத்திருக்க. உள்ளூர்க்காரிக்கு அமாவாசையில எந்தக் கட திறந்திருக்கும்னு தெரியல. உன்ன எப்படிம்மா நான் வச்சிக்கறது?"

  மேடம் படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "உங்க அம்மா வெளி வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்டார்.

இப்போது நான் வேலூரில் வேறு ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அந்தப் பட்டுக் கம்பெனியின் எல்லாக் கூட்டத்துக்கும் சமையல் பொறுப்பு அம்மாவுடையது. அவளுக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள், அடையாள அட்டைகூட உண்டு. யாராவது அப்பாவிடம், "பொண்ணு அங்க வேலைக்குப் போனாளே, நிரந்தரம் ஆச்சா?" என்று கேட்டால், அவர் ரொம்ப சீரியசாகத்தான் பதில் சொல்வார்.

"ஆச்சுங்க. அவ வேலைக்குப் போயி, ஆறு மாசத்துல அவங்க அம்மாவுக்கு வேல வாங்கிக் குடுத்துட்டு வந்துட்டா."