சிவப்பு மூடியா, நீல மூடியா?

தஞ்சாவூர் ஜில்லாவில் பெரிய கோயிலுக்கு அடுத்தபடியாக வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்த பொருள் ஒன்று உண்டென்றால், அது மினுக்கு வைத்திருந்த அம்பாசிடர் கார்தான். கோயிலைக் கட்டியவர்களாவது கட்டி முடித்ததும் அப்பாடா என்று ஓய்ந்திருப்பார்கள். மினுக்கு ஓயவே இல்லை. அவர் ஓயாததால் நானும் ஓய முடியவில்லை. இன்றைக்கும் எங்காவது 'புஸ்ஸ்' என்று ஸ்ப்ரே அடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் அசந்துபோகிறது.

மினுக்கு என்பது டாக்ஸி ஸ்டாண்டில் வைத்த பெயர். நிஜப் பெயர் அவருடைய லைசென்ஸில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. ஒல்லியான ஆள். தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி கிடக்கும். தன் சட்டையில் பித்தான் இல்லாவிட்டால் கவலைப்பட மாட்டார். கார்க் கண்ணாடியில் ஈ உட்கார்ந்துவிட்டால் அன்று முழுக்க முகம் வாடிக் கிடப்பார்.

நான் அப்போது கீழவாசலில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்சி மாறியது, சுவரில் இருந்த முகங்கள் மாறின, மறுபடியும் ஆட்சி மாறியது. நான் அதே ஃபேன் பெல்ட்டையும் அதே பிரேக் ஷூவையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் காரைத் துடைப்பதற்கென்று டப்பாவில் அடைத்த ஸ்ப்ரே எங்கள் ஊருக்கு வந்தது. கடையில் இரண்டு வகை வைத்திருந்தோம். சிவப்பு மூடி போட்டது அழுக்கெடுக்க. அடித்தால் நுரை பொங்கும். நீல மூடி போட்டது மெருகேற்ற. அடித்துத் துடைத்தால் எலுமிச்சை வாசனை வரும், முகம் தெரியும். ஊரில் மற்ற டிரைவர்கள் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியுமாகக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். டப்பா தேடி வந்தவர் மினுக்கு ஒருவர்தான்.

வாரத்தில் பாதி நாள் வந்துவிடுவார். அவர் தலை தெரிந்ததும், கடையில் இருந்த ஒரே ஸ்டூலைக் காலால் கவுண்டருக்கு அடியில் தள்ளிவிடுவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். நின்றாலும் போக மாட்டார் என்பது வேறு விஷயம்.

"தம்பி, செவப்பு எடுங்க."

எடுத்து வைப்பேன். காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பார்.

"அழுக்கை எடுக்குது, இல்லேங்கல. ஆனா பளபளப்பு பத்தல. நீலத்தை எடுங்க."

எடுப்பேன்.

"இது நல்லாத்தான் மின்னுது. ஆனா தூசிய வா வான்னு கூப்புட்டு ஒட்ட வச்சுக்குது. இங்க கெளம்பி மன்னார்குடி போய்ச் சேர்றதுக்குள்ள வழியில உள்ள தூசி பூரா என் வண்டி மேலதான் இருக்கு."

"அப்ப செவப்பே வாங்கிக்குங்கண்ணே."

"அதுலதான் பளபளப்பு இல்லியே தம்பி!"

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. மொதல்ல அதை அடிச்சுத் தொடைங்க, அப்புறம் இதை அடிங்க."

என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். "ரெண்டையும் ஒண்ணா அடிச்சா கூட்டணி மாதிரி தம்பி. ஓட்டு எண்ற வரைக்கும் நல்லாருக்கும். அப்புறம் திட்டுத் திட்டாத் தெரிய ஆரம்பிச்சிரும்."

அறுவடைக் காலத்துக் களத்துத் தூசிக்கு எது, ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைச் சேற்றுக்கு எது என்று பருவத்துக்குப் பருவம் வழக்கு மாறும். இன்று வாங்கிய டப்பாவை நாளைக்குக் கொண்டுவந்து மாற்றுவார். எங்கள் முதலாளி லேசில் பொறுமை இழக்காதவர். அவரே ஒருநாள் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

தன்னால் எடுக்க முடியாத முடிவை ஊரிடம் விட்டுவிடலாம் என்று ஒருமுறை டாக்ஸி ஸ்டாண்டில் தேர்தல் வைத்தார். காரின் இடது பாதியில் சிவப்பு, வலது பாதியில் நீலம். டீக்கடை பெஞ்சில் நிறத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஓட்டுக்குப் புளியங்கொட்டை. விவசாயச் சங்கத் தோழர்கள் காரின் பக்கமே திரும்பாமல் சிவப்பு டம்ளரில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் எதில் போட்டார் என்று விசாரித்துவிட்டு மற்றதில் போட்டார். எண்ணிப் பார்த்தால் சரிக்குச் சரி. டீ மாஸ்டரைக் கடைசி ஓட்டுப் போடச் சொன்னார்கள். "ரெண்டு பக்கமும் இங்கதான் டீ குடிக்குது. என்னை விட்ருங்கய்யா" என்று அவர் டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு சமயம், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அவருடைய காரைப் பேசியிருந்தார்கள். மினுக்குக்கு உற்சாகம் தாங்கவில்லை. பின் சீட்டு ரெக்ஸின் முழுக்க நீலத்தை அடித்து, துடைத்து, மறுபடியும் அடித்திருக்கிறார். மாப்பிள்ளையோ புதுப் பட்டு வேட்டி. நாகஸ்வரம் முன்னால் போக, கார் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. குறுக்கே ஒரு மாடு வந்தது. மினுக்கு பிரேக்கை மிதித்தார். மாப்பிள்ளை மாலையோடு வழுக்கிக்கொண்டு போய் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியில் நின்றவர்களுக்குத் தலைப்பாகைக் குஞ்சம் மட்டும்தான் தெரிந்தது.

"மாப்புள எங்கய்யா? இப்பத்தானே இருந்தாரு!" என்று பெண் வீட்டார் பதறினார்கள். தவில் நின்றுவிட்டது. மினுக்கு இறங்கிவந்து, மாப்பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, அவருடைய மோதிரம் உரசிச் சீட்டில் கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாராம்.

மறுநாள் கடைக்கு வந்தார். "தம்பி, முடிவு பண்ணிட்டேன். சீட்டுக்கு இனிமே செவப்புதான்."

ஒரு முடிவாவது வந்ததே என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஆனா பாடிக்கு?" என்றார்.

அன்றைக்கு எனக்கு அலுப்பு தலைக்கேறிவிட்டது. "ஏண்ணே, இது வாடகைக்கு ஓடுற வண்டி. ரோட்டுல இறங்கினா அழுக்காகத்தான் செய்யும். எதுக்கு இந்தப் பாடு படுறீங்க, என்னையும் படுத்துறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையில் இருந்த டப்பாவைக் கவுண்டரில் வைத்தார். கையில் டப்பா இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கார் முதலில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு மிராசுதாருடையது. மினுக்கின் அப்பா அந்தப் பண்ணையில் ஆள். மாட்டைக் குளிப்பாட்டுவது போல அந்தக் காரையும் வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க் கழுவுவது அவர் வேலை. தொட்டுக் கழுவலாம், உள்ளே உட்காரக் கூடாது. மிராசுதார் இருந்த தெருவுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கூலிப் போராட்டம் வந்தது. அந்தக் காரையே வாய்க்கால் கரையில் மறித்தார்கள். கொடியோடு முன்வரிசையில் நின்றவர் மினுக்கின் அப்பா. கோஷம் உச்சத்தில் இருந்தபோது, ஹெட்லைட்டில் சேறு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். கொடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் அந்தச் சேற்றைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து 'ஒழிக'வைத் தொடர்ந்தாராம். சங்கத்துக்காரர்கள் ரொம்ப நாள் அவரிடம் பேசவில்லை.

நிலம் கைமாறிக் கைமாறிப் பண்ணை சுருங்கியது. மிராசுதார் குடும்பம் மெட்ராஸுக்குக் குடிபோனது. கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவில் கிடந்த காரை, டிராக்டரில் ஓட்டப் பழகியிருந்த மினுக்கு எப்படியோ வாங்கிவிட்டார்.

"வாங்கி இத்தனை வருஷமாச்சு தம்பி. எங்கப்பா இன்னும் ஒரு தடவகூட ஏறல."

"ஏன்?"

"'பெரிய வூட்டுல நான் கழுவுனப்ப இருந்த பளபளப்பு இதுல இல்லடா. அது வரட்டும், ஏர்றேன்'ங்கறாரு. செருப்பக் கழட்டி வச்சுட்டு எட்ட நின்னு பாக்குறாரு. மங்கலா இருக்குடாங்கறாரு. நானும் மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்துட்டேன். வயசாயிருச்சு தம்பி அவருக்கு. ஒரே ஒரு தடவ அவரப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இப்படிச் சொன்ன மனிதரிடம் வேறு என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்கு வருவதாக ஒத்துக்கொண்டேன். இதற்கு மேல் பளபளப்புத் தரக்கூடிய ஸ்ப்ரே உலகத்தில் கிடையாது என்று கடைக்காரனே நேரில் வந்து சாட்சி சொன்னால் அப்பா ஏறிவிடுவார் என்பது மினுக்கின் கணக்கு.

போனேன். வேப்பமரத்தடியில் கார் நின்றது. பானெட்டில் என் அலுத்துப்போன முகம் எனக்கே தெரிந்தது. பெரியவர் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு வந்து, என்னைக் கிட்டத்தில் உற்றுப் பார்த்தார்.

"வாங்க சர்வேயரய்யா. பட்டா விசயமா வந்தீங்களா?"

"சர்வேயர் இல்லப்பா. ஸ்ப்ரே கடைத் தம்பி" என்றார் மினுக்கு.

நான் இரண்டு டப்பாக்களையும் நீட்டினேன். "இது செவப்பு மூடி, இது நீல மூடி. இதுக்கு மேல சரக்கு கிடையாதுங்கய்யா."

பெரியவர் இரண்டையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். கருவிழியில் பால் விட்டது போல வெள்ளையாக இருந்தது. இத்தனை வருஷமும் மினுக்கு காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணைப் பார்க்கவில்லை.

"அண்ணே, இது ஸ்ப்ரே விவகாரம் இல்ல. கண்ணு விவகாரம்" என்றேன்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அதற்குப் போகவாவது காரில் ஏறுவார் என்று பார்த்தால், "மங்கலா இருக்குற வண்டியில நான் வர மாட்டேன். பஸ்ஸு இருக்குல்ல?" என்று பெரியவர் பஸ் ஏறிவிட்டார். மினுக்கு என்ன செய்வார்? பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்று, ஜன்னலுக்குக் கீழே வந்து, "அப்பா, தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார். கண்டக்டருக்குக் குழப்பம்.

"பின்னாடி வர்றது யாருங்க பெரியவரே, மந்திரியா?"

"எம் மவன்."

ரோட்டுக்குச் செம்மண் கொட்டிப் போட்டிருந்த மாதம் அது. பஸ் கிளப்பிய புழுதி முழுக்கக் காரின் மேல் இறங்கியது. வந்து சேர்ந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் காரை விட்டுவிட்டு, வார்டுக்குள் போனவர்தான். கட்டுப் பிரிக்கிறவரை அப்பாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. ஆஸ்பத்திரிக் காக்கைகளுக்கு அப்படி ஒரு கார் வாய்த்ததே இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று நான் இட்லிப் பொட்டலத்தோடு போயிருந்தேன். பெரியவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்து மினுக்கு "ஐயோ!" என்று தலையில் கை வைத்தார். கார் என்ன நிறம் என்றே தெரியவில்லை. மேலே காக்கை எச்சம், மர இலை, செம்மண். பின் கண்ணாடிப் புழுதியில் யாரோ விரலால் 'வாக்களிப்பீர்' என்று எழுதியிருந்தார்கள்.

ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். ஒரு கையில் சிவப்பு, ஒரு கையில் நீலம். எதை முதலில் அடிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார். "அப்பா, ஒரு நிமிஷம்! அங்கயே நில்லு! பாக்காத!"

பெரியவர் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து நன்றாகப் பார்த்தார். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் நின்றார். பழக்க தோஷத்தில் துண்டை எடுக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எடுக்கவில்லை.

"இப்பத்தான்டா இது நம்ம காரு மாதிரி இருக்கு" என்றார்.

கதவை அவரே திறந்தார். செருப்புக் காலோடு ஏறி, பின் சீட்டில் நடுவாக உட்கார்ந்துகொண்டார்.

"என்னடா நிக்கிற? எடு வண்டிய."

மினுக்கு இரண்டு டப்பாக்களையும் என் கையில் திணித்தார். தோளில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன் கண்ணாடியைத் துடைக்கவே மறந்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்தபடி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். நான் இட்லிப் பொட்டலமும் டப்பாக்களுமாக மரத்தடியில் நின்றேன்.

தொல்லை தீர்ந்தது, இனி மனிதர் கடைப்பக்கம் வர மாட்டார் என்று நினைத்தேன். நினைத்தபோது சந்தோஷமாக இல்லை. ஒரு மாதம் கழித்துக் காலையில் கடை திறந்த கையோடு வந்து நின்றார். முகத்தில் பழைய கவலை அப்படியே இருந்தது.

"தம்பி, அப்பா டெய்லி ஏறி உக்கார்றாரு. வயல்லேருந்து நேரா வர்றாரு. செருப்பெல்லாம் சேறு, மிதியடி பூரா சேறு. நான் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா சேத்துக்குச் செவப்பு நல்லதா, நீலம் நல்லதா?"

நான் கவுண்டருக்கு அடியில் கையை விட்டு ஸ்டூலை வெளியே இழுத்தேன். தூசியைத் தட்டி அவர் பக்கம் போட்டேன்.

"உக்காருங்கண்ணே. நிதானமா யோசிப்போம்."